நான் வளர்த்த கடற்கரை

கடலைப் பின்வாங்க வைத்த ஆட்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. நான் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில், சார்ட் பேப்பரில், ஸ்கெட்ச் பேனாவால். கொல்லைப்புறம் வரைக்கும் அலை வந்து போய்க்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பற்றி, "இங்கே கரை வளர்ந்து வருகிறது" என்று நிரூபித்துப் பரிசும் வாங்கியவன் நான். பரிசு ஒரு சோப்பு டப்பா. இதை முதலில் சொல்லாமல் எழுத ஆரம்பித்தால் என்னை விவரமான ஆள் என்று யாராவது நினைத்துவிடக் கூடும். அந்த ஆபத்தைத் தவிர்த்துவிடுகிறேன்.

எங்கள் வீடு புதுச்சேரியில், சாரத்தில். அப்பா மில் தொழிலாளி. நான் டவுனுக்குள் இருந்த அரசுப் பள்ளிக்கு சைக்கிளில் போய் வந்தேன். அந்த வருடம் சுற்றுச்சூழல் பாடத்துக்கு எல்லோரும் இரண்டிரண்டு பேராக ஏதாவது ஒன்றை ஆராய்ந்து, நவம்பர் ஒன்றாம் தேதி விழாவில் கண்காட்சியாக வைக்க வேண்டும் என்று சமூக அறிவியல் சார் சொன்னார். முதல் மார்க் வாங்குபவரோடு கடைசி மார்க் வாங்குபவரைச் சேர்ப்பது அவருடைய ஏற்பாடு. அதன்படி எனக்கு வகுப்பின் முதல் மாணவி கிடைத்தாள். அவளுக்கு நான் கிடைத்தேன்.

அவள் குருசுக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவர். வாய் அந்த அம்மாவுடையது. தமிழ் வகுப்பில் ஐந்திணை நடந்தபோது ஐயா நெய்தலுக்கு வந்தார். கடலும் கடல் சார்ந்த இடமும், உரிப்பொருள் இரங்கல், அதாவது தலைவி கடற்கரையில் நின்று தலைவனை நினைத்து ஏங்குவாள் என்றார். பிறகு வகுப்பிலிருந்த ஒரே நெய்தல் நிலத்தாளைப் பார்த்து, "என்னம்மா, உங்க ஊர்ல அப்படித்தானே?" என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "இல்லீங்க ஐயா. எங்க ஊர்ல கரையில நின்னு ஏங்கினு இருந்தா மீனு நாறிப் போயிடும்."

ஐயாவே சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்காமல் "இரங்கல்" என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஒரு மார்க் கேள்வி அது.

என்னுடைய வரலாற்று அறிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு சுதந்திரத்துக்கு இரண்டு தடவை மிட்டாய் உண்டு. ஆகஸ்டில் வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போனதற்கு ஒன்று, நவம்பரில் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போனதற்கு ஒன்று. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்த நான், விழுப்புரத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் குளித்து, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு மிட்டாய்க்காகக் காத்திருந்தேன். அத்தை பிள்ளைகள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதை நடித்துக் காட்டுகிறார்கள். காலாண்டுத் தேர்வில் "நாடு விடுதலை அடைந்தது எப்போது?" என்ற கேள்விக்கு இரண்டு தேதியும் எழுதி, "ஊருக்கு ஏற்ப மாறும்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். சார் சைபர் போட்டார்.

விடைத்தாளை எட்டிப் பார்த்த அவள், "எங்கப்பா ரெண்டு நாளும் கடலுக்குத்தான்டா போறாரு" என்றாள்.

இப்படிப்பட்ட நாங்கள் இருவரும் கடலரிப்பை ஆராயக் கிளம்பினோம். யோசனை அவளுடையது. டவுன் கடற்கரையில் மணல் போய், கருங்கல்லாகக் கொட்டி வைத்திருந்தார்கள். குருசுக்குப்பத்தில் கல் கொஞ்ச தூரம் வந்து நின்றிருந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் மணல் இருந்தது. அங்கே ஒரு மொட்டைத் தென்னை. மாதம் ஒரு சனிக்கிழமை, அந்தத் தென்னையிலிருந்து அலை நனைக்கும் இடம் வரைக்கும் கயிறு பிடித்து அளப்பது. ஜூனிலிருந்து அக்டோபர் வரை அளந்தால் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதில் கோட்டைவிட என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். என்னைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

டேப் எங்களிடம் இல்லை. அவள் அப்பா, "டேப்பு எதுக்கு? பாகம் போட்டுத் தரேன்" என்றார். இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். கடலில் ஆழத்தையும் கயிற்றையும் அப்படித்தான் அளப்பார்கள். தென்னையிலிருந்து கயிற்றை நீட்டி, அலை தொட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு அதை மார்பின் குறுக்கே இழுத்து இழுத்து எண்ணுவார். ஜூனில் பன்னிரண்டு பாகம். ஜூலையிலும் பன்னிரண்டு. ஆகஸ்டில் பதினொன்றரை. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பரில் அவர் கடலிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. "நானே போடறேன்" என்றேன். ஒரு பெண்ணின் எதிரில் கயிற்றை மார்பின் குறுக்கே இழுக்கும் வாய்ப்பு சாரத்துப் பையனுக்கு அடிக்கடி வராது. படகிலேயே பிறந்தவன் போல இழுத்தேன். பதினான்கு பாகம். அக்டோபரில் கை வலித்தது, முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டேன். பதினைந்து வந்தது.

"பதினைஞ்சா?" என்றாள் அவள்.

"பதினைஞ்சுதான். எண்ணினே இல்ல?"

அவள் அலையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பென்சிலைக் கடித்தாள். பிறகு பதினைந்து என்று எழுதினாள்.

அன்றைக்கு அலை அவள் வீட்டுக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த அன்னக்கூடையை நனைத்துவிட்டுப் போனது. ஜூனில் அந்தக் கூடைக்கும் அலைக்கும் நடுவே நாங்கள் ஓடிப் பிடித்து விளையாடும் அளவுக்கு இடம் இருந்தது. நானும் அதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் நோட்டில் பதினைந்து என்று இருந்ததே! நோட்டில் இருப்பதை நம்ப வேண்டும் என்றுதான் பத்து வருடமாக எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஐந்து சனிக்கிழமைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் அவள் அம்மா ஒரு தட்டில் சோறும் சங்கரா மீன் குழம்பும் வைத்து, "சாரத்துக்காரா, முள்ளு பாத்து துன்னு" என்பார். முள் பார்க்கத் தெரியாமல் நான் முழிப்பேன். அவள் என் தட்டை இழுத்து, முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுத் திருப்பித் தள்ளுவாள். திட்டிக்கொண்டேதான் செய்வாள். பிறகு ஈரக் கயிற்றை இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துச் சுருட்டுவோம். சுருட்டச் சுருட்ட நடுவில் தூரம் குறையும். கடைசிச் சுற்றில் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். எத்தனையோ சாப்பாடு சாப்பிட்டுவிட்டேன், எத்தனையோ கடற்கரைக்குப் போய்விட்டேன். அந்த ஈரக் கயிற்றின் உப்பு வாடை எங்கேயும் கிடைக்கவில்லை.

நவம்பர் ஒன்று. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, கண்காட்சியைத் திறந்தார்கள். சார்ட்டை நான்தான் வரைந்தேன், கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாக இருக்கும். கடலுக்கு நீலம், மணலுக்கு மஞ்சள், மேலே ஏறிக்கொண்டே போகும் சிவப்புக் கோடு. சிறப்பு விருந்தினராக வந்தவர் எங்கள் மேஜையில் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அட! குப்பத்து ஜனங்க கல்லு போடு, கல்லு போடுன்னு மனு குடுத்துட்டே இருக்காங்க. பாருங்க, பசங்க அளந்தே காட்டிட்டாங்க. கரை வளருதாமே!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சோப்பு டப்பா என் கைக்கு வந்தது. கூட்டத்தில் நின்ற அவள் அப்பா சார்ட்டைக் கிட்டே வந்து பார்த்தார். "இன்னா தம்பி, எங்க ஊட்டுக் கடலு எனக்குத் தெரியாமயே பின்னால பூட்டுதா?" என்றார். அவர் சிரித்தாரா என்று இப்போது நினைவில்லை. சிரித்ததாகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் எங்கள் தெருவில் பூக்காரம்மா வந்தார். அம்மா வாங்கவில்லை. "இவ கை குட்டை, நாலு முழம்னு மூணு முழம் குடுப்பா. அந்தப் பெரிய கைக்காரி வரட்டும்" என்றார். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன். அவள் அப்பா கை பெரிய கை. என் கை குட்டைக் கை. கடல் பின்னால் போகவே இல்லை. நான்தான் சின்னவன்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லலாம் என்று தினமும் நினைப்பேன். சோப்பு டப்பாவைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதற்குத்தான் பயந்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு புயல் சின்னம். இரண்டு நாள் பள்ளிக்கூடம் லீவு. மூன்றாம் நாள் அவள் வரவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். மொட்டைத் தென்னை இல்லை. கொல்லை இல்லை. வீட்டின் பின்சுவர் அலைக்குள் சாய்ந்து கிடந்தது. கல் கொட்டியிருந்த பக்கத்து வீடுகள் அப்படியே நின்றன. பாத்திரங்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடலூர் பக்கம் அவள் அம்மா ஊருக்குப் போகிறார்களாம். அவள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி போய்விட்டது.

என் சார்ட்டைப் பார்த்துத்தான் கல் வராமல் போனது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரு சோப்பு டப்பா சார்ட்டை எந்த ஆபீஸில் படித்திருக்கப் போகிறார்கள் என்று புத்தி சொல்லும். புத்தி சொல்வதை நான் எப்போது கேட்டேன்? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பாடத்திட்டமே மாறிவிட்டது. சில வருடங்களுக்கு முன்பு கடலுக்குள் ஏதோ கட்டி இறக்கினார்கள். டவுன் கடற்கரையில் மணல் திரும்பி வந்துவிட்டது. ஊரே குடும்பத்தோடு வந்து அதில் கால் நனைக்கிறது. நானும் சாயங்காலம் போய் உட்கார்ந்து வடக்கே குருசுக்குப்பத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே இன்னும் கல்தான். மனைவியிடம் சர்க்கரைக்காக நடக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

"நடக்கறவங்களுக்கு எப்படிங்க பேன்ட்டு பின்னாடி அவ்ளோ மண்ணு ஒட்டுது?" என்று கேட்டாள் ஒரு நாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். குழம்புத் தட்டு வரைக்கும்.

"லவ்வா?"

"சேச்சே. அவகிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும், அவ்ளோதான்."

"ஏன், மன்னிப்பு கேக்கறவங்க ஏங்கக் கூடாதா?" என்றாள். அவளும் ஐந்திணை படித்தவள்தான் போலிருக்கிறது. "மாசி மகத்துக்குப் பொண்ணுங்கல்லாம் பொறந்த ஊருக்கு வருவாங்க. போய்ப் பாருங்க."

நான்கு வருடம் மாசி மகத்துக்குப் போனேன். சுற்று வட்டாரத்துச் சாமியெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். அத்தனை சாமிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நான் கூட்டத்தைப் பார்த்து நிற்பேன். போன வருடம் யாரோ என் தோளைக் குடையால் குத்தினார்கள்.

"இன்னாடா, சாமி அந்தப் பக்கம் இருக்குது."

தலையில் நரை, கண்ணாடி, பக்கத்தில் அவள் உயரத்துக்கு ஒரு மகள். குரல் மட்டும் ஒரு பாகம்கூடக் குறையவில்லை. மகளிடம், "இவன்தான் சாரத்துக்காரன், முள்ளு எடுக்கத் தெரியாது" என்று என்னை அறிமுகம் செய்துவைத்தாள். தேவனாம்பட்டினத்தில் வீடு, கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி என்றாள். அப்பா தவறிவிட்டார் என்றாள்.

இத்தனை வருடம் குளியலறையில் ஒத்திகை பார்த்த பேச்சு என்னிடம் இருந்தது. அதில் நெய்தல் வரும், காலத்தின் கோலம் வரும், கடைசியில் குரல் தழுதழுக்க ஓர் இடம்கூட வைத்திருந்தேன். அத்தனையும் வீண். மேளச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"அந்த சார்ட்டு தப்பு! உங்கப்பா கை பெருசு, என் கை சின்னது. அதான் பதினைஞ்சு வந்துது. கரை வளரவே இல்ல. அப்பவே தெரிஞ்சிபோச்சி, உன்கிட்ட சொல்லாம இருந்துட்டேன். நீ அத நம்பி எழுதின. மன்னிச்சிடு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அலைக்குள் இறங்கிக்கொண்டிருந்த சாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"தெரியும்டா, கோடு மேல ஏறினது பாக்க நல்லா இருந்துச்சி, உட்டுட்டேன்."