மருந்து பட்ட கண்

என் வீட்டுக்காரி தேயிலை நிரையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டாள். சில வாரங்களில் இடது கண் சிவந்து பிதுங்கத் தொடங்கியது. அப்போதுதான் நிரைகளில் புல்லுக்கு மருந்து அடித்திருந்தார்கள். புல்லைக் கொல்லும் விஷத்தைத் தோட்டத்தில் மருந்து என்றுதான் சொல்வோம். "மருந்து பட்ட கண்ணு" என்றது, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம். நாங்களும் நம்பினோம்.

அவளோ, "காதுக்குள்ள உஸ்ஸு உஸ்ஸுன்னு அடிக்குதுங்க, நாடி துடிக்கிற மாதிரி" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "காதுக்குள்ள பேக்டரி வச்சிருக்கியாடி? துரைக்குத் தெரிஞ்சா வாடகை கேப்பாருலா!"

மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில், கண்ணில் என்ன பட்டது என்று டாக்டர் கேட்டார். "மருந்து" என்றேன். தமிழ் நர்ஸ் அதை மலாயில் சொன்னதும் டாக்டர் ஏசினார். ஏன் என்று புரியவில்லை. எனக்குப் புது ஆட்களிடம் வாய் எழாது. சொட்டு மருந்தோடு திரும்பினோம்.

கண் இன்னும் பிதுங்கியது. பார்வை மங்கியது. மறுபடி போனபோது வயதான வேறொரு டாக்டர் இருந்தார். சத்தம் கேட்கிறது என்று அவளே அரைகுறை மலாயில் சொன்னாள். அவர் காதில் மாட்டும் குழாயை அவளது மூடிய இமைமேல் வைத்துக் கேட்டார். பிறகு கழுத்தில் விரலை அழுத்தினார்.

"சத்தம் நின்னுடுச்சுங்க" என்று அவள் அழுதாள்.

அதே நர்ஸ்தான் விளக்கினாள். விழுந்ததில் கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் கிழிந்து, பக்கத்துச் சிரைக்குள் ரத்தம் பாய்கிறதாம்.

"அப்ப புல்லு மருந்து இல்லையா?" என்றேன்.

"புல்லு மருந்தா? அண்ணே, அது ராச்சுன்லா, விஷம்! நான் உபாட்னு, நோய்க்குப் போடுற மருந்துன்னு, மலாயில சொல்லிட்டேனே. நாட்டு மருந்து ஊத்திக் கெடுத்தீங்கன்னு நெனச்சுத்தான் அவரு ஏசினாரு."

கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக மை செலுத்திப் படம் எடுத்ததில் ஓட்டை தெரிந்தது. கழுத்தின் இடது ரத்தக்குழாயைக் கட்ட வேண்டும், வலது கை கால் விழுந்துபோகலாம், விட்டால் கண் போய்விடும் என்றார்கள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"கை போயிட்டா சோறு ஊட்டுவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஊட்டுறேன்."

"அப்பக் கட்டச் சொல்லுங்க."

கட்டினார்கள். கை காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் நின்றது. கண்ணும் மெல்ல உள்ளே போனது. வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் அவளது வலது கண்ணை மூடி, எத்தனை விரல் என்று கேட்டார்.

"ரெண்டு" என்றாள் சட்டென்று.

அவர் எல்லா விரல்களையும் மடக்கி வைத்திருந்தார். மறுபடி அதையே கேட்டார்.

"இல்ல, மூணு" என்றாள்.