இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு வளவு

மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வரிப்பத்தான்சேனையை விட்டுக் கல்முனைக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவார். எனக்கும் வாப்பா ஒரு வீடு கட்டித் தந்திருந்தார். அதைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்குப் போனதை ஊரில் ஒருவரும் விரும்பவில்லை. “கல்முனையாக்கள் பொல்லாத ஆக்கள். அவங்கட வாய்க்கு ஈடு குடுக்க ஒன்னால ஏலா மகள்” என்றார் உம்மா. வந்த முதல் வாரத்திலேயே நாங்கள் குடியிருந்த சிறு தெருவில், அந்த ஒழுங்கையில், எனக்கு ‘வயக்காட்டு டீச்சர்’ என்று பெயர் விழுந்தது. நான் கணித ஆசிரியை. பெயரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு முஸ்லிம் தெருவின் கடைசி வீடு. அடுத்தது ஆளில்லாத வெறும் வளவு, ஒரு வீட்டு மனை. அதற்கு அப்பால் இருப்பது தமிழ்த் தெருவின் முதல் வீடு. அங்கே கடலுக்குப் போகும் ஒருவரும் மனைவியும் என் மகளின் வயதில் ஒரு பெண்பிள்ளையும் இருந்தார்கள். நடு வளவில் இருந்த வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோயிருந்தது. இடுப்பளவு சுவர்த் துண்டு ஒன்றும், உடைந்த கட்டோடு ஒரு கிணறும்தான் மிச்சம். ஆடு கூட அதற்குள் மேய்வதில்லை. அங்கே யார் இருந்தார்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம், எங்கள் பேச்சில் ராத்தாவிடம், கேட்டேன்.

“தமிழாக்கள்தான் இரிந்ததாம். எனக்குச் சரியாத் தெரியா. நாங்களும் கடல் வந்ததுக்குப் பொறகு வந்த ஆக்கள்தானே” என்றார்.

அந்த வருடம் மாரி மழை தொடங்கிய நாட்கள். பின்னேரத் தொழுகையான அசருக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், வானம் இருண்டு வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டிய நேரம். பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தி “என்ன உம்மா?” என்றாள்.

“நான் கூப்பிடல்லயே.”

“மகள் எண்டு கூப்பிட்டீங்க.”

நான் அவளுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே நேரத்தில் அதே கேள்வி. மூன்றாவது தடவை அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நடு வளவுப் பக்கத்து ஜன்னலைப் பார்த்து “ஓம், வாறன்” என்று பதில் சொன்னாள்.

ராத்தாவிடம் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தினார். “இது அங்கால ஆக்கள்ட வேல புள்ள. அவங்களுக்கு மந்திரம் தண்ணி பட்ட பாடு. புள்ளய அந்தப் பக்கம் பாக்க உடாத.” போத்தலில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நல்ல மனதோடுதான் தந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் சோறு அனுப்பியவரும் அவர்தான்.

படித்தவள் நான். ஆனாலும் அன்றைக்கு அந்த ஜன்னலைச் சாத்தினேன். பின்னால் உடுப்புக் காயப்போடும்போது தமிழ்த் தெருவின் அந்தப் பெண் தன் வேலியோரம் நின்று சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சில நாட்களில் அவளும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். என் கொடிப் பக்கம் வரும் தன் மகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போவாள். அவளுக்கு எங்களைப் பிடிக்காது என்று எண்ணிக்கொண்டேன். அதற்கு நான் காரணமாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. குசினியில் மீன் கழுவிவிட்டு வந்து பார்த்தால் மகளைக் காணவில்லை. பாடக் கொப்பி திறந்தபடி கிடந்தது. வாசல் கதவும் திறந்து கிடந்தது. ஒழுங்கையில் ஓடினேன், கத்தினேன். பதில் இல்லை. கால்கள் தாமாகவே நடு வளவுக்குத் திரும்பின.

கிணற்றின் உடைந்த கட்டில் இரண்டு பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என் மகள், மற்றவள் அந்த வீட்டுப் பிள்ளை. இருவருடைய கால்களும் கிணற்றின் உள்பக்கமாகத் தொங்கின. மாரித் தண்ணீர் கையெட்டும் உயரத்தில் கறுப்பாக நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளையின் தாய் ஓடிவந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் பயந்து விழுந்துவிடுவார்களோ என்று நாங்கள் இருவருமே சத்தம் போடவில்லை. மெல்ல நடந்து, ஒரே நேரத்தில் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கினோம். அவசரத்தில் நான் அவளுடைய பிள்ளையைத் தூக்கியிருந்தேன். என் மகள் அவள் கையில் இருந்தாள்.

“ஏன் இஞ்ச வந்த?” என்று மகளின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“நீங்கதானே கூப்பிட்டீங்க.”

அந்தப் பிள்ளையும் என் இடுப்பில் இருந்தபடியே தாயைப் பார்த்து, “நீங்கதானே அம்மா மகள் எண்டு கூப்பிட்ட நீங்க?” என்றாள்.

தாய் என் பக்கம் திரும்பினாள். “உங்கட பிள்ளைக்கும் கேட்குதா டீச்சர்?” என்றாள்.

“ஓம். எத்தின நாளா இது?”

“ஒரு மாசமாகுது. எங்கட தெருவில எல்லாரும் முஸ்லிம் ஆக்கள்தான் என்னவோ ஓதி விடுறாங்க எண்டு சொன்னாங்க. அந்தக் குரல் உங்கட ஆக்கள்ட இழுத்துப் பேசுற பேச்சாம். இந்த வளவில இருந்ததும் உங்கட ஆக்கள்தானாம்.”

நான் வாய் திறப்பதற்குள் இரண்டு தெருச் சனமும் கூடிவிட்டது. எங்கள் பக்கத்தார் எனக்குப் பின்னாலும் அவர்கள் பக்கத்தார் அவளுக்குப் பின்னாலும் நின்றார்கள். பிள்ளைகள் இன்னும் கை மாறித்தான் இருந்தார்கள். ராத்தா என் தோளைப் பிடித்தார்.

“சொல்லு புள்ள, அவதானே கூட்டிப் போன? பொலிசுக்குப் போவம். நாங்க எல்லாரும் ஒன்னோட இரிக்கம்.”

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தத் தெரு என்றைக்கும் என்னைத் தன் பிள்ளையாக வைத்திருக்கும். அந்த ஆசை ஒரு கணம் எனக்கு வந்தது உண்மை. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தரும் கூட்டிப் போகல்ல. புள்ளைகள் தானா வந்தவங்க. நாங்க ரெண்டு பேரும் கவனிக்காம விட்டுட்டம்” என்றேன்.

ராத்தாவின் கை என் தோளிலிருந்து விலகியது.

மறுநாள் காலையில் என் கணவரும் அவளுடைய கணவரும் மரச்சட்டம் வைத்து, கம்பி கட்டி, கொங்கிரீட் போட்டுக் கிணற்றை மூடினார்கள். இரண்டு தெருவிலிருந்தும் உதவிக்கு ஒருவரும் வரவில்லை. நின்று பார்த்தார்கள். நானும் அவளும் பாலில்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தோம். அதன்பின் மகளுக்கு யாரும் கூப்பிடுவது கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

ஒழுங்கையில் எனக்குச் சலாம் சொல்வது குறைந்தது. நோன்பு காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி வரவில்லை. என்னிடம் கணக்குப் படித்த ராத்தாவின் மூத்த மகளையும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடலோடியின் மனைவியை அவளுடைய தெரு என்ன செய்தது என்று அவள் சொன்னதில்லை. சில நாட்களில் நடு வளவைக் கடந்து வந்து என் வேலிக்கு மேலால் மீன் நீட்டும்போது கண் சிவந்திருக்கும்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் ராத்தா வந்தார். கதவருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

“என்ட மூத்தவளையும் கூப்பிட்டது புள்ள. சின்னதில. நானே ஒரு நாள் என்ட காதால கேட்டன்.”

“அப்ப அங்கால தமிழ் வீட்டில ஆர் இருந்த?”

“ஒருத்தரும் இல்ல. அந்த வீட்டாக்கள் அதுக்குப் பொறகுதான் வந்த.”

“அப்ப அவங்க இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் ராத்தா அவங்க எண்டு சொன்னீங்க?”

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கோபமோ வெட்கமோ அந்த முகத்தில் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது, இத்தனை வருடமும் அப்படியே.

“ஒருத்தரும் இல்லாம ஒரு சத்தம் கூப்பிடுது எண்டு நெனச்சிக்கிட்டு என்ட வீட்டில எப்பிடிப் புள்ள படுக்கிற? அது ஆரும் ஒரு ஆள் எண்டாத்தான் எனக்கு நித்திர வரும்.”

நான் ஊற்றிக் கொடுத்த தேநீரை அவர் முழுக்கக் குடித்தார். மறுநாள் அவருடைய மகள் கணக்குக் கொப்பியோடு வந்து, பின்ன எண் பாடத்தில் விட்ட இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.