இடப்பக்கம் சாய்ந்த ஒரு வரி

ராஜபாய் வீட்டுக் குடும்ப வேதாகமத்தில், பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு முன்னால், கோடிட்ட நான்கு பக்கங்கள் இருக்கின்றன. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதி வைப்பதற்காக அச்சகத்தார் விட்ட பக்கங்கள். நெய்யூர்ச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் இத்தகைய பக்கங்களைப் படமெடுத்து அட்டவணைப்படுத்துவது என் முதுகலை ஆய்வுக்கான வேலை. முப்பத்தெட்டு வீடுகளில் எடுத்திருந்தேன். முப்பத்தொன்பதாவதாகிய இந்த வீட்டில் ஒரு முரண் இருந்தது. குடும்பத் தலைவர் ஜெயசிங்கின் இறப்பு 2024 நவம்பரில் பதிவாகியிருக்கிறது. அதற்கு அடுத்த வரி 2025 ஜனவரியில் நடந்த அவர் மகளின் திருமணம். அந்த வரியின் முற்பாதி ஜெயசிங்கின் கையெழுத்தில் இருக்கிறது.

மேலே 1998இல் தம் திருமணத்தையும் 2000இல் மகள் ஷைஜாவின் பிறப்பையும் எழுதியிருப்பவர் அவரே. இடது கைக்காரர். எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். குறுக்குக் கோடுகள் தடித்திருக்கும். ஒப்பிட்டுப் பார்த்ததில் ஐயத்துக்கு இடமில்லை. இந்த முரணைப் பற்றிக் கேட்கப்போய், மூன்று பிற்பகல்களில் ராஜபாய் எனக்குச் சொன்னவற்றை அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

ராஜபாய்க்கு நாற்பத்தொன்பது வயது. தக்கலையில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பரிசோதகர். அவர் கணவர் ஜெயசிங் வளைகுடாவில், எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுசெல்லும் கப்பல் ஒன்றில் பண்டகக் காப்பாளராக இருந்தார். 2016 ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை ஆள் எண்ணிக்கை எடுத்தபோது அவர் இல்லை. படுக்கை கலைந்திருந்தது. செருப்பு மேல்தளத்தில் கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. இரண்டு சட்டை, ஒரு பாட்டுப் புத்தகம், கரும்பச்சை உடல்கொண்ட ஒரு மைப்பேனா.

வேதாகமப் பக்கங்களில் ஜெயசிங் எழுதியதெல்லாம் அந்தப் பேனாவால்தான். அந்த வீட்டில் பால்பாயின்ட் பேனாவால் வேதாகமத்தில் எழுதும் வழக்கம் இல்லை. வேலைக்குப் போகும்போது அதையும் எடுத்துச் சென்றிருந்தார்.

திரும்பி வந்த பேனாவின் மூடி இறுகியிருந்தது. ராஜபாய் திறக்கவில்லை. உள்ளே காய்ந்திருப்பது அவர் கையால் ஊற்றிய மை. தண்ணீர் பட்டால் கரையும். கரைந்து போனால் போனதுதான். ஆகவே அது ஆறு ஆண்டுகள் அலமாரியில், துணிகளுக்கு நடுவே கிடந்தது. சில நாள் அலமாரியைத் திறக்கையில் மை வாடை வருவதாக அவருக்குத் தோன்றும். இறுகி மூடிய பேனாவிலிருந்து வாடை வர வழியில்லை என்பதையும் அவரே சொன்னார்.

2022இல் ஒரு நாள் துணி எடுக்கும்போது பேனா கீழே விழுந்தது. எடுத்துக் காதருகே குலுக்கினார். ஓசையே இல்லை. இன்னும் விட்டுவைத்தால் அது என்றைக்குமே எழுதாது என்ற பயம் வந்தது. திறந்து தவறு செய்தாலும் எழுதாது. ஆகவே அதைத் தொடுவதற்கு முன்னால் வேறு பேனாக்களில் கை பழகுவது என்று முடிவு செய்தார். அந்த வீட்டில் பேனாப் பழக்கம் நுழைந்தது இப்படித்தான். மற்றவர்கள் அதைப் பொழுதுபோக்கு என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

முதல் பேனா, பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நாற்பது ரூபாய்ப் பேனா. மைப்புட்டி வாங்கவில்லை. கிருமிகளைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கும்போது நிறமேற்றுகிற ஊதாச் சாயம் வேலையிடத்தில் மீந்திருந்தது, அதை ஊற்றினார். பரிசோதகர் ஒருவர்தான் செய்யக்கூடிய தவறு. இரண்டு நாள் மிக அழகாக எழுதியது. மூன்றாம் நாள் சாயம் துகள் துகளாக இறுகி அடைத்தது. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டார். பேனாவின் கழுத்து வெடித்தது. விரலில் ஏறிய ஊதாக் கறை ஒரு வாரம் போகவில்லை. அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம், கரும்பச்சைப் பேனாவுக்கு இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

அதே நாற்பது ரூபாய்ப் பேனாவில் இன்னொன்று வாங்கி, அதன்பிறகு ஒழுங்காகக் கற்றார். புட்டியில் விற்கும் சாதாரண நீல மையே போதும். கழுவுவதற்கு ஊசி இல்லாத சிரிஞ்சும் பச்சைத் தண்ணீரும் போதும். இறுகிய மூடியை ரப்பர் கையுறைத் துண்டால் பிடித்துத் திருகினால் வழுக்காது. பேனாவுக்குப் பணம் போடுவதைவிடத் தாளுக்குப் போடுவது நல்லது; மெல்லிய நோட்டில் மை வேர்விட்டுப் பரவும். அதற்கும் மனம் வராமல், பழைய மாதக் காலண்டர்களின் பின்பக்கத்தை வெட்டித் தைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் பதினொரு பேனாக்கள் சேர்ந்தன. நான்கு, தெரிந்தவர்கள் தூர எறிய வைத்திருந்தவை. எதுவும் நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

கூட வேலை செய்யும் பகவதி ஒருநாள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: “ரெண்டு கையாலயும் சேத்து எழுதினாலும் இத்தன பேனா வேண்டாமே அக்கா. நீங்க என்ன நண்டா?”

பதினொன்றையும் கழற்றி, கழுவி, பூட்டத் தெரிந்த பிறகும் பன்னிரண்டாவதைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை. ஷைஜாவின் திருமணம் உறுதியாகியிராவிட்டால் இன்றுவரை தொட்டிருக்க மாட்டார்.

2024 நவம்பர் முதல் வாரம், ஜெயசிங்கின் தம்பி ராஜகுமார் அழைப்பிதழின் மாதிரித் தாளோடு வந்தார். அழகியமண்டபத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அண்ணன் இல்லாத வீட்டுக்கு எல்லாக் காரியங்களிலும் முன்னால் நிற்பவர்.

“மைனி, அண்ணனுக்க பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ன்னு போடணுமா, வேண்டாமான்னு பிரஸ்காரன் கேக்கான்.”

“வெறும் பேரு போடுங்க தம்பி.”

“வெறும் பேரு போட்டா ஆளு எங்கன்னு கேப்பாவல்லா? மேடையில வந்து நிக்க ஆளு வேணும்லா மைனி?”

“வேதாகமத்துல எழுதாத சாவ கார்டுல எப்பிடி எழுதது?”

“அப்போ எழுதுங்க. எட்டு வருசமா அந்த வரி காலியாக்கும். எனக்கு மட்டும் ஆசையா? திங்கக்கெழம பிரஸ்ல குடுக்கணும்.”

அவர் குரல் கடைசியில் உடைந்தது என்று ராஜபாய் சொன்னார். கோபித்துக்கொண்டு போகவில்லை, தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்ததும் ராஜபாய் மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். கையுறைத் துண்டால் மூடியைப் பிடித்து, மூச்சை அடக்கித் திருகினார். மூன்றாவது திருகில் இளகியது. உடலைக் கழற்றினார். உள்ளே மை நிற்கும் குழாய் வெறுமையாக இருந்தது. குலுக்கியபோது ஓசை வராததன் காரணம் அதுதான். மை மிஞ்சியிருந்தது ஒரே இடத்தில். நிப்புக்கு அடியில் மையை ஏந்தி நிற்கும் கறுப்புக் கட்டையை இங்கே நாக்கு என்பார்கள். அதன் நுண்ணிய வரிப்பள்ளங்களில் கருநீலப் பொருக்காக அது ஒட்டியிருந்தது.

காய்ச்சி வடித்த தண்ணீரில் நான்கு சொட்டு விட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்தார். நிப்பின் பிளவில் நீலம் பொட்டாக ஊறி நின்றது.

நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும் முன் கருவி சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது அவர் தொழில் வழக்கம். அதன்படி காலண்டர்த் தாளில், தினமும் எழுதிக் கைக்குப் பழகிய சொற்களை எழுதினார்: சர்க்கரை, உப்பு, கொழுப்பு. முதல் எழுத்தில் நிப்பு தாளைக் கீறியது. இடது கை பல்லாண்டுகள் தேய்த்த முனை அது. வலது கைக்கு இடம் கொடுக்கவில்லை. பேனாவைச் சற்றே உருட்டிப் பிடித்தார். தாளை ஏறக்குறையப் பக்கவாட்டில் திருப்பினார். கீறல் நின்றது. அந்த ஓசை நின்றதை மட்டுமே கவனித்தார், எழுத்தைக் கவனிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, வேதாகமத்தை எடுக்க உள்ளே போனார்.

திரும்பி வரும்போது ஷைஜா மேசையருகே நின்றிருந்தாள். கையில் அந்தத் தாள்.

“அம்மா, அப்பாக்க இந்த எழுத்து எங்க கெடந்தது?”

ராஜபாய் வேதாகமத்தை மேசையில் வைத்தார்.

“பழைய லெட்டரா? அப்பா எதுக்கு சர்க்கரை, உப்பு, கொழுப்புன்னு எழுதணும்? சுகமில்லாம இருந்துச்சா? எங்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“ஏட்டி, அது நானாக்கும் எழுதினது. இப்பம்.”

ஷைஜா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். மை முழுக்க உலர்ந்திருக்கவில்லை. கட்டைவிரலில் நீலம் ஒட்டியது. அவள் தாளை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, விரலைத் துடைக்காமல் நின்றாள்.

அப்போதுதான் ராஜபாய் எழுத்தைப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்த, குறுக்கே தடித்த எழுத்து. இந்தப் பேனாவால், இந்த மையால் வேதாகமத்தில் இறப்பை எழுதினால், ஜெயசிங் தாமே வந்து தம் சாவைச் சொல்லிப்போனதாக அந்தப் பக்கம் இருக்கும். எட்டு ஆண்டுகளாக அவர் அதைச் சொல்லவில்லை. அவர் சொல்லாத ஒன்றை, அவர் கையைப் பிடித்து எழுத வைப்பதா?

இன்னொன்றும் தெரிந்தது. மூன்று சொற்களுக்கே நாக்கின் நீலம் வெளுத்திருந்தது. மீதி இருப்பது ஒரு வரிக்குக் காணும், அவ்வளவே. தண்ணீர் சேர்க்கலாம். சேர்த்தால் எழுதும் நீளம் கூடும், நிறம் குறையும். நீர்க்க வைப்பது அவருக்குப் பழகிய கணக்கு. ஆனால் எத்தனையாவது சொட்டில் அது அவருடைய மையாக இல்லாமல் போகும் என்பதற்குக் கணக்கு இல்லை.

“மக்கா,” என்றார், “இது உனக்க கல்யாணத்த எழுததுக்கு இருக்கட்டு.”

பிறகு தம்முடைய நாற்பது ரூபாய்ப் பேனாவை எடுத்து, தம்முடைய நிமிர்ந்த எழுத்தில் எழுதினார்: “2016 ஆகஸ்ட் 19. ஜெயசிங், கடலில் இறந்தார். எழுதிய நாள் 2024 நவம்பர் 10.” ஒற்றுத்தாள் வைக்கவில்லை. தானாகவே உலரும்வரை தாயும் மகளும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ராஜகுமார் வந்து பக்கத்தைப் படித்தார்.

“அண்ணனுக்க பேனாவுலல்லா எழுதியிருக்கணும் மைனி?”

“அதுக்கு வேற வேல உண்டு தம்பி.”

திருமணத்துக்கு எழுபது நாள் இருந்தது. அத்தனை நாளும் மை உலராமல் இருக்க வேண்டும். ஈரப்பஞ்சு வைத்த சிறு டப்பாவில் பேனாவை அடைத்து, பிரிட்ஜில் காய்கறித் தட்டுக்குக் கீழே வைத்தார். வேலை நாட்களில் அதைத் தம்மோடு எடுத்துப்போய், மருந்துப் பொருள் நிறுக்கும் நுண்தராசில் வைத்து எடையைக் குறித்தார். அந்தக் காலண்டர் நோட்டை எனக்குக் காட்டினார். தேதி, எடை, தேதி, எடை. ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் குறைந்திருந்தது. சில நாள் இரண்டு. மூடிய டப்பாவுக்குள்ளிருந்து, யாரும் காணாத வழியில் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தார். டிசம்பர் நடுவில் ஷைஜாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“ஒரு சொட்டு விடும்மா. வத்திப் போவுதுல்லா.”

“விட்டா எழுதும். எழுதினது ஆருன்னு தெரியாது.”

ஜனவரி இருபதாம் தேதி, திங்கட்கிழமை, திருமணம். மாலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்குப் புறப்படும் முன்னால், முன்னறை மேசையில் வேதாகமம் விரிக்கப்பட்டது. ராஜபாய் பேனாவை உருட்டிப் பிடித்து, புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதத் தொடங்கினார். மாப்பிள்ளை ஜெபிஷுக்கு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. ராஜகுமார் கதவருகே நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்தை அல்ல, ராஜபாயின் கையை.

“2025 ஜனவரி 20. என் மகள் ஷைஜாவுக்கும்”

அதுவரை வந்தது. அடுத்த எழுத்து வெளிர்ந்தது. அதற்கடுத்தது நிறமே இல்லாமல், தாளில் பள்ளமாக மட்டும் விழுந்தது. ராஜபாய் நிறுத்தவில்லை. இரண்டு எழுத்துகளை அப்படியே வெறும் பள்ளமாக எழுதினார். அறையில் கீறும் ஓசை மட்டும் இருந்தது.

ஜெபிஷ்தான் மெதுவாகப் பேசினான். “எனக்க பேரு வரும்போ மாமா நிறுத்திட்டாங்க. பிடிக்கல்ல போல.”

முதலில் சிரித்தவர் ராஜபாய். சிரித்துக்கொண்டே தம் நாற்பது ரூபாய்ப் பேனாவைத் திறந்து, புத்தகத்தை நேராக்கி, அந்தப் பள்ளங்களின் மேலேயே “ஜெபிஷுக்கும் திருமணம்” என்று எழுதி முடித்தார். பாதி சாய்ந்து, பாதி நிமிர்ந்து நிற்கிறது அந்த வரி. உருப்பெருக்கியில் பார்த்தால், நிமிர்ந்த எழுத்துக்கு அடியில் சாய்ந்த பள்ளம் தெரிகிறது.

என் அட்டவணையில் ‘எழுதியவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுத வேண்டும் என்று அவரையே கேட்டேன். “ரெண்டு பேருக்க பேரையும் போடுங்க,” என்றார். அப்படியே போட்டிருக்கிறேன்.

பேனாவை அவர் கழுவவில்லை. இனி அதில் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எடை குறிக்கும் பழக்கம் நிற்கவில்லை. ஜனவரி இறுதிக்குப் பின் எண் மாறாமல் ஒரே நிலையில் இருக்கிறது. அது வெறும் பேனாவின் எடை. பிப்ரவரி பதினேழாம் தேதிக்கு எதிரே மட்டும் மூன்று மில்லிகிராம் கூடியிருக்கிறது. மறுநாள் பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்கிறது. அது என்ன நாள் என்று கேட்டேன்.

“விசேஷ நாளு ஒண்ணும் இல்ல,” என்றார். “காத்துல ஈரம் இருந்திருக்கும்.”

நோட்டை மூடிவிட்டு, பேனா இருந்த டப்பாவின் மூடியைத் திறந்தார். பஞ்சைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்ததால் நனைத்து வைத்தார்.