தட்டில் மிச்சமிருந்த இடம்

எங்கள் வீட்டில் நான் கடைசியாகப் பிறந்தது என்னுடைய குற்றமில்லை. ஆனால் வாப்பாவுக்குக் குரல் பதிந்து அனுப்பும் ஒவ்வொரு முறையும் அதற்கான தண்டனையை நான்தான் அனுபவித்தேன். வாப்பா கட்டாரில் இருந்தார். ஏறாவூரில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேரின் வாப்பாமார் அங்கேதான். போனில் கதைப்பதென்றால் கொமினிகேசன் கடையில் காத்துக் கிடந்து, அழுது முடிப்பதற்குள் லைன் வெட்டிவிடும். அதனால் மனதில் கிடப்பதையெல்லாம் முதலில் கெசட்டிலும் பிறகு சிடியிலும் பதிந்து, லீவு முடிந்து போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவோம்.

மூத்தவர்கள்தான் முதலில் பேசவேண்டும். வாப்பாவின் ராத்தா, அதாவது அவரின் அக்காவான எங்கள் மாமி, மைக்கைப் பிடித்தால் ஸலாம் சொல்லி, சுகம் கேட்டு, வாப்பாவின் அறையில் இருக்கிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் துஆச் செய்து, அதன்பிறகுதான் தன் வீட்டுக் கூரை ஒழுகும் கதைக்கு வருவார். அடுத்து வருகிறவர் திரும்பவும் ஸலாமிலிருந்து தொடங்குவார். ஏற்கெனவே சொல்லியாயிற்றே என்று விட்டுவிட ஒருவருக்கும் மனம் வராது. என் முறை வரும்போது சிடி நிறைந்திருக்கும். ஒருமுறை என் ஸலாமின் பாதியிலேயே முடிந்துபோனது. மீதி ஸலாம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

உம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. எல்லோருக்கும் முன்னால் வாப்பாவோடு கதைக்க வெட்கப்பட்டு, "நாங்க சுகம், நீங்க சுகமா" என்பதோடு எழுந்து குசினிக்குள் போய்விடுவார். அவர் மிச்சம் வைத்த நேரத்தையும் மாமியே எடுத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சந்தியில் சிடி கடை வைத்திருந்தார். ஒருநாள் அவர் ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்க்க சிடி மாதிரியேதான் இருந்தது. ஆனால் அது டிவிடியாம். சிடி ஒரு சஹன் தட்டுச் சோறு என்றால் இது கலியாணத்துக்கே சோறாக்கும் கிடாரம் என்றார். படத்துக்குத்தானே என்று என் அண்ணன், காக்கா, கேட்க, மாமா சூடாகிவிட்டார். படம் போட்டே இதை வீணாக்குகிறார்களாம். வெறும் குரலை மட்டும் போட்டால் நீளமாயும் வைக்கலாம், நுணுக்கமாயும் வைக்கலாம், நுளம்பு காதோரம் ரீங்கரிப்பது வரைக்கும் கேட்கும். இதைவிடப் பெரிய தட்டும் வரப்போகிறது, நோன்பு மாதத்துப் பயான் பிரசங்கம் முழுவதையும் ஒன்றில் அடக்கலாம் என்று மாமா விரித்துக்கொண்டே போனார். எனக்கு அதெல்லாம் தேவையில்லை. என் முறை வருமா என்று மட்டும் கேட்டேன்.

"நீ பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் கதைச்சாலும் இடம் கிடக்கும் மகள்" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கம்பியூட்டரை ஓட்டோவில் ஏற்றி வந்து எங்கள் ஹோலில் வயர்களைப் பொருத்திப் பூட்டினார். மாமி கூரையை ஓடு ஓடாக வர்ணித்தார். என் ராத்தா பாடப்புத்தகத்தை வாசித்தே காட்டினாள். காக்கா தன் காலுக்கு வேண்டிய சப்பாத்தின் நிறத்தைச் சொன்னான். இடம் கிடந்துகொண்டே இருந்தது. கடைசியில் மாமா என்னை மைக்குக்கு முன்னால் கதிரையில் தூக்கி வைத்து, அவசரமில்லை என்று சொல்லிவிட்டு அசர் தொழப் போய்விட்டார். மற்றவர்களும் கலைந்து போனார்கள்.

எத்தனை நாள் காத்திருந்த கதிரை! பல் விழுந்தது, பூனை குட்டி போட்டது, காக்கா என்னை அடித்தது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. யாராவது கெதியாய் முடி என்று அவசரப்படுத்தியிருந்தால் வந்திருக்கும். மைக்கைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். வாசலில் தொங்கிய சீலைக்கு அந்தப் பக்கம் குசினியில் உம்மா ஆணத்துக்கு, குழம்புக்குத்தான், தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை செய்யும்போது தனக்குள்ளே கதைக்கும் பழக்கம் உண்டு.

"ஆணத்துக்கு உப்புக் காணுமா எண்டு பாத்துச் சொல்லவும் ஆளில்ல" என்றார் உம்மா. கொஞ்ச நேரம் திருவும் சத்தம். "இஞ்ச வந்து ஒருக்காப் பாருங்களன்."

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடிப்போனேன். உம்மா திடுக்கிட்டு, கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார். வெங்காயம் உரிக்கப்படாமல் கூடையில் கிடந்தது. வாப்பாவிடம் என்ன சொல்ல என்று கேட்டேன். சுகமாக இருக்கிறோம் என்று மட்டும் சொல், வேறொன்றும் வேண்டாம், மனிசனுக்கு அங்கே சோறு இறங்காது என்றார். நான் கதிரைக்கு வந்து, "வாப்பா, நாங்க சுகம். உம்மா வேற ஒண்டும் சொல்ல வேணாமாம்" என்று சொல்லிவிட்டுப் பூனைக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாமா திரும்பி வரும்வரை பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. கிடாரத்தில் இடமிருக்க எதற்கு வெட்ட வேண்டும் என்று, கேட்டும் பாராமல் முழுவதையும் அப்படியே தட்டில் இறக்கி அனுப்பிவிட்டார்.

அது வாப்பாவின் சிடி பிளேயரில் பாடவில்லையாம். அறையில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கிற டிவிடி பிளேயரில்தான் போடவேண்டியிருந்தது. ஓட்டமாவடிக்காரர், வாகரைப் பொடியன் என்று அறையில் இருந்த அத்தனை பேரும் படமில்லாத டிவியை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு மாமியின் கூரைக் கதை முழுவதையும் கேட்டிருக்கிறார்கள். பிறகு வாப்பா தட்டைக் கழற்றவிடவில்லையாம். மைக்கில் ஒருவரும் பேசாத, தேங்காய் திருவும் சத்தம் கேட்கிற பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்.

அடுத்த முறை போனில் வாப்பா என்னைக் கேட்டார். பல் விழுந்த கதையைச் சொல்லலாம் என்று ஓடிப்போய்ப் போனை வாங்கினேன்.

"மகள், அடுத்த தட்டிலயும் அதே மாதிரி ஒண்டும் பேசாம இரி, என்ன?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வாப்பா என்ன சொன்னாரோ, உம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு தட்டிலும் எல்லோரும் பேசி முடிந்ததும் மாமா மைக்கைச் சீலையோரம் நகர்த்தி வைத்துவிட்டுத் தொழப் போவார். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருப்பேன். ஆணம் ஆக்கி முடித்திருந்தாலும் உம்மா அந்த நேரம் பார்த்து ஒரு தேங்காயை உடைப்பார். தேங்காயோடு கதைக்க எதற்கு இவ்வளவு சத்தமாய்க் கதைக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.