மோட்டல் நிரம்பிய வாரம்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எங்கள் கவுண்டி என்கிற சின்ன மாவட்டத்தில் சுற்றுலா என்றால் டெல்ஃபின் கிராட்டக்வில் என்ற பெண்தான். தபால் நிலையத்தில் வேலை பார்த்தது போக, ஆண்டுதோறும் ஜூலையில் பழம் வைத்துச் சுடும் கோலாச் பன்னுக்கு ஒரு திருவிழா நடத்தினாள். சுவரொட்டிச் செலவை, மோட்டல் அறை வாடகையில் பிடிக்கும் வரியிலிருந்து கவுண்டி கொடுக்கும். இங்கே இருக்கும் ஒரே மோட்டல், அதாவது நெடுஞ்சாலையோரத் தங்கும் விடுதி, என்னுடையது.

கூட்டம் வராமல் இல்லை. வந்ததெல்லாம் பிழைப்புத் தேடி வெளியேறிய எங்கள் பிள்ளைகள். அப்பா அம்மா வீட்டு சோபாவில் படுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

"சொந்தக்காரன் வந்து பன் தின்னுட்டுப் போறது சுற்றுலாவா? வெளியூர் ஆளைக் கொண்டா," என்பார் சுற்றுலாக் குழுத் தலைவர் ஆர்வில்.

"வெளியூர்க்காரனுக்கு இங்க பார்க்க என்னய்யா இருக்கு, உன் தொப்பையா?" என்பாள் டெல்ஃபின்.

பெற்றோர் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் வருவதும் நின்றது. போன ஜூலையில் சுட்ட பன்னில் பாதியைப் பன்றிக்குத்தான் போட்டோம்.

இந்த மார்ச்சில் டெல்ஃபின் செத்துப்போனாள். அடக்கத்துக்கு, ஊரை விட்டுப் போன அத்தனை பிள்ளைகளும் வந்தார்கள். பூட்டிய வீடுகளில் தண்ணீரும் மின்சாரமும் இல்லாததால் படுக்க என்னிடம் வந்தார்கள். 'அறை காலி இல்லை' விளக்கை முதல்முறையாகப் போட்டேன். பாதி எழுத்து எரியவில்லை.

குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்கு ஓடியிருந்த ஆர்வில், ஏப்ரலில் திரும்பியதும் வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"யோவ், மார்ச்சுல மோட்டலே நிரம்பிடுச்சாமே! அப்படி என்ன விழாய்யா? டெல்ஃபின்கிட்ட சொல்லு, இனி வருஷா வருஷம் அதையே நடத்தட்டும்!"