ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். வெட்கம்தான், வேறென்ன? ஆனால் போன வாரம் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "விராலிமலையில சாமி ஆடுனது நீங்கதானே? என் பேரனுக்குத் துன்னூறு பூசி விடுங்க."

இனியும் எழுதாமல் இருந்தால் அந்த முருகனுக்கே அடுக்காது!

நான் அப்போது ரொம்பக் குண்டு. சுகர், மூட்டுவலி எல்லாம் உண்டு. திருச்சியில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றுக்குள் இரைப்பையையே சின்னதாக்கிவிடுவார்கள். அப்புறம் சாப்பாடு? முதலில் ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சித்தண்ணி. பிறகு குழைத்த பருப்பு. போதும் என்று வயிறு சொன்ன நொடியே எழுந்துவிட வேண்டும். இனிப்புப் பக்கமே போகக்கூடாது.

ஊரில் என்ன சொன்னேன் தெரியுமா? குடலிறக்க ஆபரேஷன்! சோற்றைக் குறைக்க வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று சிரிப்பார்களே... அந்தப் பயம். வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

என் நாத்தனார் செல்விக்கு வாய் நீளம், மனசு தங்கம். மதினி நல்லபடியாகப் பிழைத்து வந்தால் விராலிமலை முருகனுக்கு மலையடியில் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டாள்!

மூன்றாம் மாதம் போனோம். பானை பொங்கியது. சாமிக்குப் படைத்ததும் முதல் தொன்னை என் கையில்.

"ஒரு வாய் போதும் செல்வி."

"நல்லாருக்கே நாயம்! ஒங்களுக்காகத்தானே வச்சேன்? பிரசாதத்தை மிச்சம் வைக்கலாமா மதினி?"

சாமி கொடுத்தது என்ன செய்துவிடும் என்று நானும் தைரியம் சொல்லிக்கொண்டேன். நெய் மணம் வேறு... தொன்னை காலி.

கொஞ்ச நேரம்தான். நெஞ்சு படபடவென்று அடித்தது. உடம்பெல்லாம் வேர்வை, கை கால் உதறல். தலை சுற்றி, கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

"ஏய்... மதினிக்குச் சாமி வந்திருச்சு!"

செல்வி போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. குலவை என்ன, கைநிறையத் திருநீறு என்ன! செல்வி தடாலென்று என் காலில் விழுந்தாள்.

"முருகா! எம் மகளுக்குப் பாத்து வச்சிருக்கிற அந்த மாப்பிள்ளையையே முடிச்சிரலாமா? நீயே ஒரு வாக்கு சொல்லுப்பா!"

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய? சும்மா தலையாட்டினால் என் ரகசியம் பிழைக்கும். ஆனால் முருகன் பேரைச் சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடலாமா? அதுவும் அவன் மலையடியில் நின்றுகொண்டு?

"சாமி இல்லடி செல்வி... பொங்கல்!" என்றேன். "குடலிறக்கம்னு பொய் சொன்னேன். எடை குறைக்க வயித்தைச் சின்னதாக்கியிருக்கு. இனிப்பு தாங்காது..."

அதற்குள் வாந்தி வந்துவிட்டது.

குலவை பாதியில் நின்றது. செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல மதினி? எங் கையாலயே கொடுத்துட்டேனே! தள்ளுங்க எல்லாரும் அங்கிட்டு, காத்து வரட்டும்!" பிடித்துப் படுக்க வைத்து, முந்தானையால் விசிறினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

மாப்பிள்ளையைப் பற்றி அவளே நாலு இடத்தில் விசாரித்துத்தான் முடித்தாள். கல்யாணப் பந்தியில் என் இலைக்குப் பக்கத்திலேயே காவல் நின்றாள். "எங்க மதினிக்கு ஒரு கரண்டிக்கு மேல யாராச்சும் வச்சீங்க... அம்புட்டுத்தான்!" யாரும் சிரிக்கவில்லை. இதற்கா அவ்வளவு பயந்தேன்?

இப்போதும் பிரசாதம் வாங்குகிறேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு சிட்டிகை வாயில். மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். முருகன் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. நாம்தான் தொன்னை நிறைய வேண்டும் என்கிறோம்.

ஆபரேஷனை மறைத்துக்கொண்டு விருந்துக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். அன்றைக்குக் கூட்டத்தில் பின்னால் நின்றவர்கள் காதில் பாதிதான் விழுந்தது போல. விராலிமலையில் வந்த பொங்கல், கீரனூர் போய்ச் சேர்வதற்குள் முருகனாகிவிட்டது. உங்கள் ஊர் வந்து சேரும்போதாவது அது பொங்கலாகவே இருக்கட்டும்!