கம்பளி மட்டும் திரும்பி வந்தது

எழுபதுகளில் கொஞ்ச காலம் மேகமலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கூலியாக இருந்தேன். எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் கம்பளியின் இரு முனைகளையும் மூங்கிலில் கட்டி, அதில் படுக்கவைத்து ஜீப் நிற்கும் இடம் வரை சுமப்போம். கூலிகள் குடியிருந்த லைனில் என் பக்கத்து வீட்டுக்காரியைக் காய்ச்சலோடு அப்படித்தான் தூக்கிப் போனோம். சின்னமனூர் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. பிணத்தை மலையேற்ற எந்த ஜீப்பும் சம்மதிக்கவில்லை. கீழேயே புதைத்தோம்.

அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அப்பன் இல்லை. "ஆத்தா ஆஸ்பத்திரியில இருக்கா, வந்துருவா" என்று பெரியம்மாக்காரி சொல்லிவைத்தாள். லைனே அதைச் சொன்னது. நானும் சொன்னேன்.

செத்தவரைக் கிடத்திய துணியை இடுகாட்டிலேயே விட்டுவிட வேண்டும். அவளைத் தூக்கிப் போனது நல்ல கம்பளி, மலைமேலே குளிர். யாருக்கும் தெரியாமல் சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் பின்னால் அதைக் காயப்போட்டபோது அந்தப் பிள்ளை வந்து ஓரத்துத் தையலைத் தடவிப் பார்த்தது.

"இது எங்காத்தா தச்சது. ஆத்தாள எங்கன வச்சிருக்க?"

நான் கம்பளியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து பிள்ளை என்னை வேவு பார்த்தது. என் மூட்டையை அவிழ்த்துத் தேடியது. யார் கையாலும் சோறு வாங்கவில்லை; கஞ்சியை மோந்து பார்த்து அப்படியே வைத்துவிடும். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது.

வேலை மேற்பார்க்கும் கங்காணி என்னை மறித்தார். "ஏலே, எந்த ஊருக்காரன்னே தெரியாத பய நீ. அந்தப் புள்ள ஏன் ஒம் பின்னாலயே திரியுது?"

எனக்கும் எல்லோர் மேலும் சந்தேகம்தான். பிள்ளைக்காகப் பொய் சொல்கிறார்களா, அது அழுதால் தேற்ற வேண்டுமே என்று சொல்கிறார்களா? நான் எதற்காகச் சொன்னேன் என்றும் தெரியவில்லை.

பெரியம்மாவிடம் போய், "கூட்டிட்டுப் போயி குழியக் காட்டிருவோம்" என்றேன்.

"சின்னப் புள்ளையவா? பயந்தே செத்துப்போகும். எல்லாரும் ஆத்தா வந்துருவான்னுதான சொன்னாக?"

"திங்காமக் கெடந்தா மட்டும் சாகாதாக்கும்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நானும் வாரேன். ஒன்ன நம்பி அனுப்ப மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் இறங்கினோம். மண்மேட்டைக் காட்டினேன். ஆத்தா செத்துப்போய்விட்டாள், குழி வெட்டியதில் நானும் ஒருவன் என்றேன்.

"அப்ப ஏன் வந்துருவான்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அழுகை நிஜம்தானா என்று பார்த்தது போலிருந்தது. பிறகு போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

கடைத்தெருவில் இட்லி வாங்கினோம். பிள்ளை தன் இலையை என் பக்கம் தள்ளியது.

"நீ மொதல்ல தின்னு."

ஒரு விள்ளல் தின்றேன். நான் விழுங்கி முடிக்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.